பின்படிக்கட்டில் எடுத்த போட்டோ

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், அந்த ஐந்தாவதிலும் பாதி நாள் போகவில்லை. ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகத்துக்கு வரும், அதன் பின்னால் போய் சொல்லவந்ததை விட்டுவிடுவேன். இப்போதெல்லாம் அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாருடைய பேரையும் எழுதவில்லை. என் தங்கச்சி பேரைக்கூட எழுதவில்லை. அதைக் கூப்பிட்டுத்தான் பழக்கம், எழுதிப் பழக்கம் இல்லை.

இப்போது விழுப்புரத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன். பிறந்தது திண்டிவனத்துக்கு வெளியே, மரக்காணம் போகிற ரோட்டில் ஒரு காலனியில். கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய பங்களா. விக்டோரியா மகாராணி காலத்தில் ஏதோ ஒரு துரை கட்டியது என்பார்கள். எனக்கு நினைவு தெரிந்தபோது துரை யாரும் இல்லை. சுதந்திரம் வந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாதான் அங்கே தனியாக இருந்தார். அப்பா சவுக்கு வெட்டப் போவார். அம்மா பங்களாவில் கூட்டித் துடைக்கிற வேலை. அம்மா வேலை செய்யும்போது தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கக் கிணற்றடியில் நிற்பது என் வேலை. எனக்கு எட்டு வயது, அவளுக்கு இரண்டு.

போன வருஷம் மழைக்காலத்தில் மகள் தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அந்தப் பங்களாவைச் சுண்ணாம்பு அடித்து, ஓடு மாற்றி, மியூசியமாக்கித் திறந்திருக்கிறார்களாம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாமாம். வீடியோவில் ஒரு சுவரைக் காட்டினார்கள், சுவர் முழுக்கப் பழைய போட்டோக்கள். அதில் ஒன்று பின்படிக்கட்டு. நாலைந்து பேர் நிற்கிறார்கள். அதற்குள் வேறு எதையோ காட்டிவிட்டார்கள். இன்னொரு தரம் போடு என்றேன். மூன்று தரம் போட்டாள். எறும்பு மாதிரிதான் தெரிந்தது. அம்மாவுக்குப் பங்களா பைத்தியம் பிடித்துவிட்டது என்று மருமகனிடம் சொல்லிச் சிரித்தாள்.

நான் ஏன் அதைப் பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டரம்மா ஊருக்குப் போகப்போகிறார் என்று தெரிந்த வாரம், வேலைக்காரர்களை எல்லாம் பின்படிக்கட்டில் நிற்கச் சொன்னார். மூன்று கால் வைத்த பெட்டி ஒன்றை முற்றத்தில் நிறுத்தினார். சமையல்காரம்மா, தோட்டக்காரர், அம்மா, நான், இடுப்பில் தங்கச்சி. சமையல்காரம்மா எனக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் குனிந்து என் காதில் சொன்னாள்.

“சின்னப் புள்ளையப் போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சுபூடும். உங்க அம்மாளுக்கு இன்னா தெரியும். நீ மூடிக்கோ.”

எங்கள் பக்கத்தில் அப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கைக்குழந்தையைப் போட்டோ பிடிக்க விடமாட்டார்கள், கர்ப்பமாக இருக்கிறவள் நிற்கமாட்டாள். எங்கள் வேதக்கோயிலில் பாதிரி ஐயர் அது மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்தாலும், வீட்டுக்கு வந்தால் அதே பேச்சுதான். நான் தங்கச்சியின் முகத்தை வலது கையால் மூடினேன். டாக்டரம்மா பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு கையை எடு, எடு என்று சைகை காட்டினார். டக் என்று சத்தம் வந்தது. நான் கையை எடுத்தேன். எடுத்தபோது சத்தம் வந்ததா, சத்தம் வந்த பிறகு எடுத்தேனா, இரண்டு சத்தம் வந்ததா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு மத்தியானமே யாராவது கேட்டிருந்தாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

டாக்டரம்மா போய்விட்டார். அந்த வருஷம் மாங்காய்க் காலத்தில் தங்கச்சிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்றே நாள். டாக்டரம்மா இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அப்பா சொன்னார். சமையல்காரம்மா துக்கத்துக்கு வந்தவள், போட்டோ பிடித்ததுதான் காரணம் என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டுப் போனாள். எட்டாம் நாள் அம்மா கேப்பை இடித்துக்கொண்டிருக்கும்போது உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“கைய எடுத்தியாடி?”

“இல்லம்மா. மூடிக்கினுதான் இருந்தேன்.”

அம்மா மறுபடி இடிக்க ஆரம்பித்தாள். அதன் பிறகு அதைப்பற்றி எங்களுக்குள் பேச்சு வரவில்லை, அம்மா சாகும் வரைக்கும். ஆனால் அம்மா நான் சொன்னதை நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தலை வாரிவிடுவாள், சோறு போடுவாள், எல்லாம் செய்வாள். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள்.

நான் சொன்னது உண்மையா என்று எனக்கே தெரியாது. ராத்திரி முட்டி போட்டு, ஏசப்பா, அந்தப் போட்டோவில் என் கை மூடியே இருந்திருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணுவேன். எவ்வளவோ வருஷம் அதே ஜெபம். பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, எல்லார் வீட்டிலும் பிள்ளைகளைப் போட்டோ பிடித்து மாட்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பயம் எப்போது போனது என்று தெரியாமலே போய்விட்டது. அது போனபோது தங்கச்சியின் முகமும் போயிருந்தது. அவள் எடை ஞாபகம் இருக்கிறது, என் இடது இடுப்பு இன்றைக்கும் கொஞ்சம் தூக்கினாற்போல்தான் இருக்கும். காதுக்குப் பின்னால் சிரங்குத் தழும்பு ஞாபகம் இருக்கிறது. முகம் என்று நினைத்தால் என் மகளின் சின்ன வயசு முகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தங்கச்சியை வேறு யாரும் போட்டோ எடுத்ததில்லை. ஆகவே ஜெபத்தை மாற்றிக்கொண்டேன். ஏசப்பா, அந்தப் போட்டோவில் நான் கையை எடுத்திருக்க வேண்டும்.

இதுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

மகளுக்கு லீவு கிடைத்த ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். விக்கிரவாண்டி தாண்டும்போதே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனோம். எங்கள் காலனி இருந்த இடத்தில் இப்போது பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். கேட்டுக்கு உள்ளே போனதும் நான் நேராகப் பங்களாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். மகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து என்னைக் காணாமல் தேடியிருக்கிறாள். நான் பின்கதவுக்கு முன்னால், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, யாராவது வந்து கதவைத் திறப்பார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கதவில் பூட்டுத் தொங்கியது. படிக்கட்டு அதேதான், ஐந்து படி. நடுப்படியில் சிமெண்டு பூசியிருந்தார்கள்.

“யம்மா, இங்க இன்னா பண்ற? வாசல் முன்னாடி இருக்குது, நீ பாத்ரூமாண்ட நின்னுக்கினு இருக்குற. செருப்பப் போடு மொதல்ல, முள்ளு கிள்ளு குத்திக்கப்போவுது.”

போட்டுக்கொண்டேன். முன்வாசல் படி ஏறும்போது மறுபடி கழற்றிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த முன்வாசல் வழியாக அம்மா ஒருநாளும் போனதில்லை. நானும் அன்றைக்குத்தான் முதல் தடவை.

உள்ளே ஒரு சின்னப் பெண் எல்லாவற்றையும் காட்டி விளக்கம் சொன்னாள். கழுத்தில் அட்டை மாட்டியிருந்தாள், பேச்சைக் கேட்டால் செஞ்சிப் பக்கம் என்று தெரிந்தது. பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு எங்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனாள். நீலமும் சிவப்புமாகக் கண்ணாடி வைத்த ஜன்னல், ஆள் உயரக் கடிகாரம், பூதம் மாதிரி ஒரு சாப்பாட்டு மேஜை, அதன் மேல் தட்டும் முள்கரண்டியும் யாரோ சாப்பிட வருவதுபோல. எல்லாவற்றுக்கும் முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். படுக்கை அறையில் இரும்புக் கட்டில், கொசுவலை, பக்கத்தில் நடுவில் ஓட்டை போட்ட மர நாற்காலி. அதன் மேல் ரோஜாப்பூ போட்ட பீங்கான் சட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். லண்டனிலிருந்து கப்பலில் வந்தது, விலை மதிக்க முடியாது என்று அந்தப் பெண் சொன்னாள். பாண்டிச்சேரிக்காரர்கள் அதை விதவிதமாகப் போட்டோ எடுத்தார்கள். இதில் குழம்பு வைத்தால் நன்றாக இருக்கும் என்று அந்த வீட்டு அம்மா சொல்ல, வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

டாக்டரம்மா ராத்திரி ஒன்றுக்கு இரண்டுக்குப் போன அந்தச் சட்டியைத்தான் என் அம்மா தினமும் காலையில் முந்தானையால் மூடிக்கொண்டு பின்கதவு வழியாகத் தூக்கிப் போய்க் கொட்டிக் கழுவுவாள். அதன் ஒரு ஓரத்தில் சின்ன உடைசல் உண்டு, அதற்காக ஒருநாள் பேச்சு வாங்கினாள். உடைசல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

போட்டோ இருந்த அறை கடைசி அறை. அது முன்னே மருந்து வைத்திருந்த அறை. எல்லாரும் உள்ளே போனார்கள். நான் வாசலிலேயே நின்றேன். மகள், கால் வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தப் பெண் ஒவ்வொரு போட்டோவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். குதிரை வண்டியில் துரை, தொப்பி வைத்த பெண்கள், நாய். பிறகு நின்றாள்.

“இது டாக்டரம்மாகிட்ட கண்ணு வைத்தியத்துக்கு வந்த கிராமத்து ஜனங்க. இந்தப் பக்கம்லாம் அப்ப கண்ணு நோய் ஜாஸ்தி. இந்தக் கொழந்தைக்கு வெளிச்சம் பட்டா கூசுது, அதான் அக்காக்காரி மூடிக்கினு இருக்கா பாருங்க.”

பாண்டிச்சேரி அம்மா ‘ஐயோ பாவம்’ என்றார்.

நான் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துபோனது. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. அவர்கள் எல்லாரும் அடுத்த சுவருக்குப் போன பிறகு உள்ளே போனேன்.

கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். கையகலம்தான் படம். தோட்டக்காரர் நிமிர்ந்து நிற்கிறார். சமையல்காரம்மா எங்கேயோ பார்க்கிறாள், எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே தெரியவில்லை. அம்மா ஓரத்தில், தலையைக் குனிந்து நிற்கிறாள். வகிடு மட்டும்தான் தெரிகிறது. நடுவில் நான். பொத்தான் இல்லாத கவுன், எண்ணெய் வழிகிற தலை, பெட்டியையே முறைத்துப் பார்க்கிறேன். இடுப்பில் தங்கச்சி. அவள் சுருட்டை முடி தெரிகிறது, ஒரு காது தெரிகிறது, காலில் கட்டின கறுப்புக் கயிறு தெரிகிறது. நெற்றியிலிருந்து வாய் வரைக்கும் என் கை. ஐந்து விரலும் சேர்ந்து, இடைவெளியே இல்லாமல். கைக்குக் கீழே தாடை மட்டும் தெரிகிறது. சிரிக்கிற தாடையா அழுகிற தாடையா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். தாடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

எட்டு வயசில் இதைக் காட்டியிருந்தால் நான் ஓடிப்போய் அம்மாவிடம் காட்டியிருப்பேன். பாரும்மா, மூடிக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்லவில்லை என்று. அம்மா கல்லறைக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் கேட்ட ஜெபம் அங்கே கண்ணாடிக்குள் கேட்டபடியே இருந்தது. அதனால் தங்கச்சி பிழைக்கவும் இல்லை, எனக்கு அவள் முகமும் இல்லை.

படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த காகிதத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்தப் பெண் சொன்னதுதான் அதிலும் இருந்தது. கண் நோய்க் குழந்தை. என் தங்கச்சிக்குக் கண்ணில் எந்த நோயும் கிடையாது. கிணற்றடியில் உட்கார்ந்தால் ரோட்டில் போகிற மாட்டு வண்டியை எனக்கு முன்னால் கைகாட்டுவாள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ, மகள் வந்துவிட்டாள். இன்னாம்மா இதையே பார்த்துக்கினு இருக்குற என்றாள். அவளிடம் சொன்னேன், அந்தப் பெண்ணும் பக்கத்தில் வந்தாள்.

“இது நாந்தான்.”

மகள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். அந்தப் பெண், நெசமாவா பாட்டி என்று கேட்டாள். அம்மாவையும் காட்டினேன். இது யார் என்று மகள் குழந்தையைக் காட்டிக் கேட்டாள். உன் சித்தி என்றேன். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கையைப்பற்றி நான் சொல்லவில்லை. கண் நோய் இல்லை, எங்கம்மா இங்கே வேலை செய்தவள் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் நல்ல பெண். வருத்தப்பட்டாள். ஆனால் காகிதத்தை மாற்ற அவளுக்கு அதிகாரம் இல்லையாம், சென்னையில் இருக்கிறவர்கள் எழுதிக் கொடுத்ததாம், எழுத்தில் ஏதாவது ஆதாரம் கொடுத்தால் மேலே அனுப்புவாளாம். எங்களிடம் என்ன ஆதாரம் இருக்கும்? வேறு போட்டோ ஏதாவது இருக்கிறதா, இரண்டாவது எடுத்தது, பெட்டியில் கிட்டியில், என்று கேட்டேன். மாடி அறையில் கண்ணாடித் தகடுகள் பெட்டி பெட்டியாக இருக்கிறதாம், யாரும் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லையாம், பாதி கரையான் பிடித்த பெட்டிகளாம். அதைப் பார்க்க யாரையும் விடமாட்டார்களாம்.

மகள் அந்தப் போட்டோவைத் தன் போனில் எடுக்கப் பார்த்தாள். என் விரல் கண்ணாடி மேல் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

“கைய எடும்மா. மறைக்குது.”

எடுத்தேன். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது.

வெளியே வரும்போது மேஜை மேல் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது எழுதிவிட்டுப் போக வேண்டுமாம். அந்தப் பெண் என்னை உட்காரவைத்து, பாட்டி, அந்தப் போட்டோவைப்பற்றி நீங்களே எழுதுங்கள், நான் காட்டுகிறேன் என்று பேனாவைக் கையில் கொடுத்தாள். பாண்டிச்சேரிக்காரர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் எனக்கு அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் சிலேட்டைக் காட்டச் சொன்னாலே அழுதுவிடுவேன். ‘வீடு நன்றாக இருக்கிறது’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் மகள் நிறையக் கேட்டாள். சித்திக்கு என்ன ஆச்சு, ஏன் இவ்வளவு நாளாகச் சொல்லவில்லை என்று. தொண்டை அடைத்துச் செத்துப்போச்சு என்றேன். பஸ் ஸ்டாண்டில் வாங்கின வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்து உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டே வந்தாள். நான் மடியில் சேர்த்துவைத்தேன். தின்ன முடியவில்லை. அவள் போனில் எடுத்த படத்தைப் பெரிசாக்கிக் காட்டினாள். பெரிசாக்கினால் என் விரல்தான் பெரிசாகிறது.

அந்த நோட்டில் எழுத முடியாததைத்தான் இப்போது இங்கே எழுதுகிறேன். மகளுக்கும் தெரியாது. ஜெபம் பண்ண முட்டி போட்டால் என்ன கேட்பது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. முட்டி போட்டபடி இருந்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், இதில் நான் எழுதினது சரியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பின்படி ஐந்துதானா? ரோஜாப்பூச் சட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் உடைசல் இருக்கிறதா? டாக்டரம்மா எந்த வருஷம் ஊருக்குப் போனார் என்று மியூசியக்காரர்களிடம் எழுதி இருக்கும், என் வயசைத் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். முக்கியமாக, மாடியில் இருக்கிற அந்தக் கண்ணாடித் தகடுகளை யாராவது வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அதே படிக்கட்டு, அதே ஆட்கள், நடுவில் கவுன் போட்ட ஒரு பெண். சத்தம் இரண்டு தரம் வந்தது என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. இரண்டாவது இருந்தால் அதில் என் கை கீழே இருக்கும். அப்படியானால் அம்மாவிடம் நான் சொன்னது பொய். இருக்கட்டும். பார்த்துச் சொல்லுங்கள்.